கைராசியும் பதிவு எண்ணும்: திருப்பூரில் ஒரு குழந்தை டாக்டரைத் தேடிய கதை

2025 நவம்பர் முதல் வாரம் சென்னையிலிருந்து திருப்பூருக்குக் குடிவந்தோம். எனக்கு ஒரு பனியன் கம்பெனியில் குவாலிட்டி வேலை, வீடு ‘15 வேலம்பாளையம்’ என்ற ஏரியா பக்கம், பாப்பாவுக்கு எட்டு மாதம் முடிந்திருந்தது. சாமான் இறக்கிய மூன்றாம் நாள் கேஸ் வந்துவிட்டது, ஒரு வாரத்தில் இன்டர்நெட் வந்துவிட்டது, பால்காரர், தண்ணி கேன், துணி தேய்ப்பவர் எல்லாரும் அமைந்துவிட்டார்கள். குழந்தைக்கு உடம்புக்கு வந்தால் யாரிடம் போவது என்று மட்டும் நாங்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை. பிறந்ததிலிருந்து சென்னையில் ஒரே டாக்டரம்மா, அந்தப் பழக்கத்தில் மறந்தே போனது. பதினோராம் நாள் ராத்திரி ஏழரை மணிக்கு பாப்பாவின் உடம்பு கொதித்து, தெர்மாமீட்டர் 102 காட்டியபோதுதான் உறைத்தது.

அதற்கப்புறம் ஐந்து வாரத்தில் மூன்று டாக்டர்களைப் பார்த்தோம். மூன்று பேரின் படிப்பையும் பதிவையும் நானே உட்கார்ந்து சரிபார்த்தேன், அதில் நானும் சறுக்கினேன். யார் பெயரையும் எழுதப் போவதில்லை. இன்னார் நல்லவர், இன்னார் மோசம் என்று சொல்ல வரவில்லை, எப்படிப் பார்த்தேன் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

முதல் டாக்டரைக் காட்டியது பக்கத்து வீட்டு அக்கா. "ஏனுங்க தம்பி, இதுக்கு எதுக்குங்க இத்தனை யோசனை, ரோட்டு முக்குலயே குழந்தை டாக்டர் இருக்காருங்க. கைராசிக்காரரு. ஒரு ஊசி போட்டாருன்னா விடியறதுக்குள்ள காய்ச்சல் ஓடிப்போயிருமுங்க." அவர் சொல்லி முடிப்பதற்குள் அத்தை பாப்பாவுக்குத் தொப்பி கட்டி, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். (என் மாமியாரைத்தான் அத்தை என்கிறேன், வீடு மாறியதற்கு உதவிக்கு வந்தவர்.)

டோக்கன் 42. பெஞ்சு நிறைய கூட்டம், எல்லாம் கம்பெனி வேலை முடிந்து வந்த அம்மா அப்பாக்கள். போர்டில் பெயர், எம்.பி.பி.எஸ்., கீழே கொட்டை எழுத்தில் ‘குழந்தைகள் நல மருத்துவர்’. உள்ளே போய் வெளியே வர இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். ஸ்டெதஸ்கோப்பை ஸ்வெட்டருக்கு மேலேயே வைத்தார், தொண்டையைப் பார்த்தார், சளி என்றார், இடுப்பில் ஒரு ஊசி போட்டார். எடை பார்க்கவில்லை. தடுப்பூசிப் புத்தகத்தை நீட்டினேன், திறக்கவில்லை. வெளியே கம்பவுண்டர் இரண்டு மொட்டை பாட்டில்களில் மருந்து ஊற்றி, மாத்திரையைப் பொடித்து ஆறு பொட்டலம் மடித்துக் கொடுத்தார். "சிவப்பு மூணு வேளை, மஞ்சள் ரெண்டு வேளை, பொட்டலம் காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு." எந்த பாட்டிலிலும் லேபிள் இல்லை. பக்கத்தில் ஒரு ஃபிரிட்ஜ், கதவில் தடுப்பூசிப் படம் ஒட்டியிருந்தது, அவர் ஊசி மருந்து எடுக்கத் திறந்தபோது உள்ளே தண்ணீர் பாட்டிலும் ஒரு தூக்குப்போசியும் இருந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் 250 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன்.

காலையில் காய்ச்சல் இல்லை. கைராசி வேலை செய்துவிட்டது என்று அத்தைக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

எனக்கு அந்தச் சிவப்பு பாட்டில் உறுத்தியது. சாதாரண நேரமாக இருந்தால் விட்டிருப்பேன். ஆனால் ஒரு மாதத்துக்கு முன்புதான், 2025 செப்டம்பர், அக்டோபரில், கோல்ட்ரிஃப் என்ற இருமல் மருந்து குடித்து மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்திருந்தார்கள். மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாடு அரசு ஆய்வு செய்த மாதிரியில் டை எத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம் இருந்தது, அது சிறுநீரகத்தைச் சாகடிக்கிற விஷம். அந்த பாட்டிலில் பெயராவது இருந்தது, பேட்ச் எண் இருந்தது, அதனால் எது என்று கண்டுபிடித்துத் தடை செய்ய முடிந்தது. என் கையில் இருந்ததில் சிவப்பு என்ற ஒன்றைத் தவிர எதுவுமே இல்லை. கம்பெனிக்கு ஒரு ரோல் துணி வந்தால் வட்டமாக வெட்டி எடுத்து எடை போட்டு ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்) பார்க்காமல் கட்டிங் டேபிளில் ஏற்றமாட்டேன், 180 என்று சொன்ன துணி 172 வந்தால் அன்றைக்கு ஒரு சண்டை நிச்சயம். அப்படிப்பட்டவன் என்ன மருந்து என்றே தெரியாமல் பிள்ளைக்கு ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.

சென்னை டாக்டரம்மாவுக்கு போன் போட்டேன். பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்றார். எதுவும் இல்லை என்றேன். "அப்ப அதை நிறுத்துங்க. என்னன்னு தெரியாத மருந்தைப் பத்தி நான் என்ன சொல்றது? ரெண்டு வயசுக்குக் கீழ இருமல் மருந்தே வேண்டாம்னு அக்டோபர்லயே சுகாதாரத் துறை சொல்லிட்டாங்க. எடை எவ்வளவு?" 8.2 கிலோ என்றேன், கடைசியாக சென்னையில் பார்த்தது. காய்ச்சல் வந்தால் பாரசிட்டமால் மட்டும், ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கு, 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் என்று போட்டிருக்கிற சிரப்பில் 5 மில்லி என்றார். அப்புறம் அவரே நிறுத்தி, "பாட்டில்ல நம்பரைப் படிச்சுக் காட்டுங்க" என்றார். ஏனென்றால் அதே மருந்து 5 மில்லிக்கு 250 என்றும் வருகிறது, சொட்டு மருந்தாக ஒரு மில்லிக்கே 100 என்றும் வருகிறது. சொட்டு மருந்தை சிரப் என்று நினைத்து 5 மில்லி ஊற்றினால் நாலு மடங்கு போய்விடும். வைக்கும்போது சொன்னார்: "அங்கேயே ஒருத்தரைப் பிடிங்க. எல்லாத்தையும் போன்ல பார்க்க முடியாது. பதிவு எண் பார்த்துப் பிடிங்க."

பதிவு எண் பார்ப்பது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தேடினேன்.

பதிவேட்டில் தேடியது

தேசிய மருத்துவ ஆணையம் என்று ஒன்று இருக்கிறது. 2019-இல் சட்டம் வந்து, 2020 செப்டம்பர் 25 முதல் பழைய இந்திய மருத்துவக் கவுன்சிலின் இடத்துக்கு வந்தது. அதன் தளத்தில் இந்திய மருத்துவப் பதிவேடு என்ற பகுதியில் பெயரை வைத்தோ, பதிவு எண்ணை வைத்தோ, மாநிலக் கவுன்சிலை வைத்தோ எந்த டாக்டரையும் தேடலாம். பணம் கிடையாது. மாநிலக் கவுன்சில்கள் அனுப்பும் விவரம்தான் அதில் ஏறுகிறது, நம் மாநிலத்துக்கு அது சென்னை அரும்பாக்கத்தில் இருக்கிற தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில்.

கேட்க சுலபமாக இருக்கிறது. முக்கு டாக்டரின் பெயரை ஒரு பேச்சுக்கு செந்தில்குமார் என்று வைத்துக்கொள்வோம். அடித்துப் பாருங்கள், பக்கம் பக்கமாகச் செந்தில்குமார்கள் வருவார்கள். அதுவும் ஆங்கிலத்தில் அடிக்கவேண்டும். செந்திலில் வருவது டீக்கு வருகிற டியா, டாக்டருக்கு வருகிற டியா? தமிழில் எழுதினால் இரண்டும் டிதான், பதிவேட்டுக்கு அது இரண்டு வேறு ஆள். குமாரைச் சேர்த்து எழுதியிருப்பாரா பிரித்து எழுதியிருப்பாரா, இனிஷியல் முன்னாலா பின்னாலா, ஒன்றா இரண்டா. ஒரு மணி நேரம் போனது.

வழி காட்டியது இனிஷியல்தான். பதிவேட்டில் டாக்டர் பெயருக்குப் பக்கத்தில் அப்பா பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. போர்டில் ‘பி’ என்று இருந்தால் அப்பா பெயர் பியில் தொடங்கவேண்டும், அதை வைத்துக் கழித்துக்கொண்டே வரலாம். அப்புறம் வயது. ஆளுக்கு நாற்பத்தைந்து இருக்கும் என்றால் 2003, 2004 வாக்கில் பதிவு செய்திருப்பார். இப்படிக் கழித்தும் மூன்று பேர் மிஞ்சினார்கள்.

மருந்துச் சீட்டில் எண் அச்சடித்திருந்தால் இந்தப் பாடே இல்லை, ஒரு நிமிட வேலை. அடித்திருக்கவும் வேண்டும். டாக்டர்களுக்கான நடத்தை விதிகள் 2002-இல் வந்தவை, இன்றைக்கும் அவைதான் நடப்பில் இருக்கின்றன (2023 ஆகஸ்டில் புது விதிகள் கொண்டுவந்து அதே மாதம் நிறுத்திவைத்துவிட்டார்கள்). பதிவு எண்ணை கிளினிக்கில் மாட்டவேண்டும், மருந்துச் சீட்டிலும் சான்றிதழிலும் பண ரசீதிலும் போடவேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. அந்த கிளினிக்கில் சீட்டிலும் இல்லை, சுவரிலும் இல்லை.

நேராகக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை, ஒத்துக்கொள்கிறேன். டாக்டரிடம் போய் உங்கள் படிப்பு உண்மையா என்று எந்த வாயால் கேட்பது? "கம்பெனியில மெடிக்கல் பில்லுக்கு ரிஜிஸ்டர் நம்பர் கேக்கறாங்க சார்" என்று ஒரு பொய்யைச் சொல்லி வாங்கினேன். அவரும் யோசிக்காமல் எழுதிக் கொடுத்தார். வாசலிலேயே நின்று அடித்துப் பார்த்தேன். வந்தது. மிஞ்சிய மூன்று பேரில் இரண்டாமவர். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம், எம்.பி.பி.எஸ்., அவ்வளவுதான். கூடுதல் படிப்பு என்ற இடத்தில் ஒன்றும் இல்லை.

ஆக அவர் போலி டாக்டர் இல்லை. இதை அழுத்திச் சொல்லவேண்டும், ஏனென்றால் நான் இதைச் சொன்ன இடத்திலெல்லாம் ‘ஓ, போலியா?’ என்றுதான் கேட்டார்கள். எம்.பி.பி.எஸ். முடித்துப் பதிவு செய்த யாரும் குழந்தைக்கு வைத்தியம் பார்க்கலாம், அதில் சட்டப்படி ஒரு தப்பும் இல்லை. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நம் குழந்தைகளைப் பார்ப்பது பெரும்பாலும் அவர்கள்தான். பிரச்சினை அந்தக் கொட்டை எழுத்துதான். ஒரு பிரிவில் தனிப் படிப்பு இல்லாமல் அந்தப் பிரிவின் நிபுணர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்று அதே 2002 விதிகளில் இருக்கிறது. பதிவே இல்லாமல் ஊசி போடுகிறவர்கள் வேறு கேஸ், அவர்களுக்கு 2019 சட்டத்தில் ஒரு வருடம் வரை சிறையோ, ஐந்து லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு.

இரண்டு நாள் கழித்து, இருமல் விடாததால் அத்தையின் வற்புறுத்தலில் மறுபடி அவரிடம் போனோம். இந்த முறை கேட்டேவிட்டேன். "சார், குழந்தை ஸ்பெஷலிஸ்ட்டுன்னா எம்.டி.யா, டி.சி.எச்.சா?" அவர் பேனாவைக் கீழே வைத்தார். "பதினஞ்சு வருஷமா இந்த ரோட்டுல இருக்கேன். நான் பார்க்காத குழந்தையா? நம்பிக்கை இல்லன்னா வேற இடம் பாருங்க." நான் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே, "கோயமுத்தூர்ல குழந்தைங்க ஆஸ்பத்திரில ஆறு வருஷம் டியூட்டி டாக்டரா இருந்தேன்ங்க, அந்த அனுபவம்தான்" என்றார், குரல் இறங்கியிருந்தது. அந்த அனுபவம் பொய்யாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. மொட்டை பாட்டிலில் என்ன மருந்து என்று கேட்டேன், அதற்கு மட்டும் பதில் வரவில்லை.

வெளியே வந்ததும் அத்தை பிடித்துக்கொண்டார். "டாக்டரையே சந்தேகப்பட்டா வைத்தியம் எப்படிப் பலிக்கும் மாப்பிள்ளை?"

எழுத்துகளின் வரிசை

அதற்கப்புறம் திருப்பூரில் எந்த ரோட்டில் போனாலும் டாக்டர் போர்டுகளைப் படிப்பது எனக்கு வியாதியாகிவிட்டது. பெயருக்குப் பின்னால் நீளமாக எழுத்து இருந்தால் பெரிய டாக்டர் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை.

குழந்தை மருத்துவத்துக்கு எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மேல் மூன்று வருடம் படித்தால் எம்.டி., அதற்குச் சமமாக இன்னொரு பக்கம் டி.என்.பி., இரண்டு வருடப் பட்டயம் டி.சி.எச். இந்த மூன்றில் ஒன்று இருந்தால் சரி. பட்டயம்தானே என்று டி.சி.எச்.சை இளக்காரமாகப் பார்க்கவேண்டாம், ஐம்பது அறுபது வயதில் இருக்கிற அருமையான குழந்தை டாக்டர்கள் பலர் டி.சி.எச். படித்தவர்கள். எம்.ஆர்.சி.பி.சி.எச். என்பது இங்கிலாந்துத் தேர்வு. பச்சைக்குழந்தைகளுக்கென்றே நியோநேட்டாலஜியில் டி.எம். படித்தவர்கள் இருக்கிறார்கள், குறைமாதக் குழந்தை என்றால் அவர்கள் முக்கியம், எட்டு மாதக் குழந்தையின் சளிக்குத் தேவையில்லை.

மற்ற எழுத்துகள் வேறு சாதி. எஃப்.ஐ.ஏ.பி. என்பது 1963-இல் தொடங்கிய இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் கொடுக்கும் கௌரவம், நல்ல விஷயம்தான், பட்டம் கிடையாது. பி.ஜி.பி.என்., பக்கத்தில் பாஸ்டன் என்று ஊர் பெயரோடு நிறைய போர்டுகளில் இருக்கிறது. ஆள் அமெரிக்காவில் படித்துவிட்டு வந்தவர் என்று நான் வாயைப் பிளந்தேன், அது குழந்தை ஊட்டச்சத்து பற்றிய ஆன்லைன் படிப்பு. படித்தால் நல்லதே. பாஸ்டன் என்ற வார்த்தைக்காக நூறு ரூபாய் சேர்த்துக் கொடுக்காமல் இருந்தால் போதும்.

நட்சத்திரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கூகுளில் முக்கு டாக்டருக்கு 4.7 நட்சத்திரம். ‘ஒரே ஊசியில் சரியானது’ என்று முப்பது பேர் எழுதியிருந்தார்கள். சாதாரண வைரஸ் சளிக்காய்ச்சல் ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் இரண்டு மூன்று நாளில் இறங்குகிற ஒன்று என்பதால் அந்த முப்பது பேரும் பொய் சொல்லவில்லை, ஆனால் அதிலிருந்து எனக்குத் தெரியவேண்டியது எதுவும் தெரியவில்லை.

எம்.டி. என்று இருந்தது, எதில் எம்.டி.?

இரண்டாவது டாக்டரை நானே கண்டுபிடித்தேன், பெருமையாக. போர்டில் ‘எம்.டி. (குழந்தை மருத்துவம்)’ என்று தமிழிலேயே இருந்தது. ஆணையத்தின் பதிவேட்டில் தேடினேன், இல்லை. இனிஷியலை மாற்றி, எழுத்தை மாற்றி, வருடத்தை மாற்றி, எங்கும் இல்லை. சிக்கினார் போலி என்று முடிவே கட்டிவிட்டேன், மாவட்ட மருத்துவத் துறை இணை இயக்குநர் அலுவலகத்துக்குப் புகார் எழுதக்கூட மனசுக்குள் வாக்கியம் தயார். மனைவிதான், "மொதல்ல போய்ப் பாருங்க, போர்டை முழுசாப் படிச்சீங்களா?" என்றாள்.

முழுதாகப் படிக்கவில்லை. போர்டின் கீழ் ஓரத்தில், மரத்தின் கிளை மறைத்த இடத்தில், பி.எஸ்.எம்.எஸ். என்று இருந்தது. சித்த மருத்துவர். சித்தாவில் குழந்தை மருத்துவம் என்றே எம்.டி. பிரிவு உண்டு, தாம்பரத்தில் இருக்கிற தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் அதற்கென்று துறையே இருக்கிறது. அவர்கள் பதிவு செய்வது சித்த மருத்துவக் கவுன்சிலில். ஆங்கில மருத்துவப் பதிவேட்டில் தேடினால் ஆயுசுக்கும் கிடைக்காது. ஹோமியோபதியிலும் இப்படி எம்.டி. உண்டு. எம்.டி. என்ற இரண்டெழுத்தைப் பார்த்ததும் எந்த முறையில் எம்.டி. என்று அடுத்த கேள்வி வரவேண்டும், எனக்கு வரவில்லை.

உள்ளே போய் அசடு வழிந்தபடி விஷயத்தைச் சொன்னேன். அவருக்குக் கோபமே வரவில்லை. சுவரில் மாட்டியிருந்த பதிவுச் சான்றிதழைத் தானே கழற்றி மேஜையில் வைத்தார். பாப்பாவின் மூச்சை ஒரு நிமிடம் கடிகாரம் பார்த்து எண்ணினார். "மாந்தம், பசியின்மை, தோல் பிரச்சினைன்னா நான் பார்ப்பேன் தம்பி. எட்டு மாசக் குழந்தை, காய்ச்சல் வந்து போயிருக்கு, இருமல் நிக்கல, தடுப்பூசி அட்டவணை வேற பார்க்கணும். இதுக்கு நீங்க ஒரு அலோபதி குழந்தை டாக்டரைத்தான் வெச்சுக்கணும். என் பேத்தியை எங்க காட்டறேனோ அங்க போங்க." ஒரு சீட்டில் பெயரும் நேரமும் எழுதிக் கொடுத்தார். ஃபீஸ் வாங்கவில்லை.

பதிவேட்டில் தோற்ற டாக்டர்

மூன்றாவது டாக்டர் அந்தச் சீட்டில் இருந்த பெயர். பெண் டாக்டர், எம்.டி. என்று போர்டு, மருந்துச் சீட்டில் பதிவு எண்ணும் இருந்தது. இதற்குள் நான் கைதேர்ந்தவன் அல்லவா, போவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து தேடினேன். பெயரில் தேடினால் அந்த இனிஷியலில் ஆள் இல்லை. சித்த டாக்டர் பழைய சீட்டு ஒன்றைப் போட்டோ எடுத்து அனுப்பினார், அதில் இருந்த எண்ணை அடித்தேன், ஒன்றும் வரவில்லை. என் கணக்குப்படி இவர் முதல் ரவுண்டிலேயே அவுட். முக்கு டாக்டராவது பதிவேட்டில் இருந்தார்.

ஆனாலும் போனோம், பாப்பாவுக்கு இரவில் இருமல் அதிகமாகிக்கொண்டிருந்தது. (குழந்தை மூச்சுக்குத் திணறுகிறது, வலிப்பு வருகிறது, பால் குடிக்காமல் துவண்டு கிடக்கிறது என்றால் இந்தத் தேடலெல்லாம் ஒரு நிமிடம்கூடக் கூடாது. 108, இல்லாவிட்டால் நேராக அரசு மருத்துவமனை.)

இங்கே முதலில் நடந்தது எடை. டயப்பர், சட்டை எல்லாம் கழற்றச் சொன்னார், தராசில் படுக்கவைத்தார், 8.4. நீளம் அளந்தார், தலைச் சுற்றளவு அளந்தார், மூன்றையும் தடுப்பூசிப் புத்தகத்தின் பின்னால் இருந்த கோட்டுப்படத்தில் புள்ளியாக வைத்தார். அந்தப் பக்கம் ஒன்று இருப்பதே எங்களுக்கு அதுவரை தெரியாது. நெஞ்சைத் திறந்துவைத்து மூச்சுவிடும்போது விலா உள்ளிழுக்கிறதா என்று பார்த்தார். மருந்து என்று எழுதியது மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு மட்டும். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகப் படிக்கிற மாதிரி பெரிய எழுத்தில்.

எல்லாம் முடிந்ததும் கேட்டேன். இந்த முறை பில், கம்பெனி என்று கதை விடவில்லை. "மேடம், பதிவேட்டில் உங்க பேர் வரலைங்க."

"வராது," என்றார். "கல்யாணத்துக்கு முன்னாடி இனிஷியல்ல தேடுங்க, கர்நாடகா கவுன்சில். எங்கப்பா பேர் இது." சீட்டின் பின்புறம் எழுத்துக்கூட்டி எழுதினார். "அதுலயும் எம்.பி.பி.எஸ். மட்டும்தான் காட்டும். எம்.டி.யை ஏத்தல, நானும் ரெண்டு தடவை எழுதிப் பார்த்துட்டேன். இங்க வந்ததும் அங்க தடையில்லாச் சான்று வாங்கித் தமிழ்நாடு கவுன்சில்ல மாத்திட்டேன், அந்த நம்பர் ஆணையத்துத் தளத்துக்கு இன்னும் போய்ச் சேரல." கதவுக்குப் பின்னால் கை காட்டினார். ஃபிரேம் போட்டு மாட்டிய மூன்று சான்றுகள்: தமிழ்நாடு கவுன்சில் பதிவு, எம்.டி. கூடுதல் படிப்பாகப் பதிவான சான்று, 1997-ஆம் வருட மருத்துவ நிலையங்கள் சட்டப்படி கிளினிக்குக்கு வாங்கிய பதிவு. அங்கேயே போனில் அடித்தேன். அப்பா பெயர் பொருந்தியது, வருடம் பொருந்தியது, எம்.பி.பி.எஸ். மட்டும் காட்டியது, அவர் சொன்னபடியே.

பெண் டாக்டர்களைத் தேடும்போது இது அடிக்கடி நடக்கும் என்று இப்போது தெரிகிறது. படிக்கும்போது அப்பா இனிஷியல், போர்டில் கணவர் இனிஷியல். ஊர் மாறி வந்தவர் என்றால் மாநிலமும் மாறும். மேல்படிப்பைத் தனியாகப் பதிவு செய்யவேண்டும், அது தளத்தில் ஏறுவது இன்னொரு கதை. பதிவேட்டில் இருந்தால் இருக்கிறார் என்று நம்பலாம், இல்லாவிட்டால் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. நான் மூன்று பேரைத் தேடி இரண்டு பேர் விஷயத்தில் தப்பாக முடிவு கட்டினேன். மூன்று பேரிடமும் அதே கேள்வியைக் கேட்டேன். ஒருவர் பேனாவைக் கீழே வைத்தார், ஒருவர் சான்றிதழைக் கழற்றி மேஜையில் வைத்தார், ஒருவர் தன் பதிவில் என்ன குறை என்று எனக்கு முன்னால் தெரிந்துவைத்திருந்தார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

இன்னொரு கேள்வியும் கேட்டேன், தடுப்பூசி பற்றி. டிசம்பரில் ஒன்பதாவது மாத ஊசி வரவேண்டும். முக்கு கிளினிக்கில் கம்பவுண்டர், "கவர்மென்ட் ஊசி வேண்டாங்க, காய்ச்சல் வரும், நம்மகிட்டயே எல்லாம் போட்டுக்கலாம்" என்று சொல்லியிருந்தார். இவர் சொன்னது வேறு. தட்டம்மை ரூபெல்லா, நிமோனியாவுக்கான பி.சி.வி., போலியோ ஊசியின் மூன்றாவது டோஸ், வைட்டமின் ஏ எல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை இலவசம், அங்கேயே போட்டுக்கொள்ளுங்கள். டைபாய்டு, ஃபுளூ ஊசி அரசு அட்டவணையில் இல்லை, வேண்டுமென்றால் அதற்கு மட்டும் இங்கே வாருங்கள். தன் கல்லாவுக்கு வரவேண்டியதை அங்கே அனுப்பிய மனுஷி. அவர் ஃபிரிட்ஜையும் பார்த்தேன், பழக்கதோஷம். உள்ளே தெர்மாமீட்டர் தொங்கியது, கதவில் காலை மாலை வெப்பநிலை எழுதிய தாள், 2-க்கும் 8-க்கும் நடுவில். தூக்குப்போசி இல்லை.

இரண்டு மாதம் கழித்து

ஜனவரியில் பாப்பாவுக்கு மறுபடி காய்ச்சல், இந்த முறை 103.4, மூன்று நாள் விடவில்லை. தினமும் காட்டினோம். அவர் தினமும் கேட்டது இரண்டுதான்: எத்தனை தடவை சிறுநீர் போனாள், காய்ச்சல் இறங்கிய நேரத்தில் விளையாடுகிறாளா. ஆன்டிபயாடிக் எழுதவில்லை. மூன்றாம் நாள் ரத்தமும் சிறுநீரும் பரிசோதனைக்கு அனுப்பினார், கவலைப்பட ஒன்றுமில்லை என்று வந்தது. முக்கு டாக்டர் இந்நேரம் ஊசி போட்டிருப்பார் என்று அத்தை போனில் சொல்லிக்கொண்டே இருந்தார், உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்த ராத்திரி கை துறுதுறுத்தது. நாலாம் நாள் காலை காய்ச்சல் முழுதாக விட்டது, மத்தியானம் முதுகிலும் வயிற்றிலும் சிவப்பாகப் பொரிப்பொரியாக வந்தது. அத்தை அடுத்த பஸ்ஸில் வேப்பிலையோடு வந்து இறங்கிவிட்டார், அம்மை போட்டிருக்கிறது என்று. டாக்டர் பார்த்துவிட்டுச் சிரித்தார், ரோசியோலா, இந்த வயதில் வருகிற வைரஸ், காய்ச்சல் விட்டதும் தடிப்பு வரும், தானாகப் போய்விடும் என்றார். தொட்டிலில் சொருகியிருக்கும் வேப்பிலையைப் பற்றி நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "இருக்கட்டும், வாயில வெச்சுக்காமப் பார்த்துக்கங்க" என்றார்.

போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா தன் பேரனின் மருந்துச் சீட்டோடு வந்தார், முக்கு கிளினிக் சீட்டு. "தம்பி, நீங்க என்னமோ நம்பர் பாப்பீங்களாமே, இதுல அது இருக்குதுங்களா பாருங்க." இருந்தது. பேட் பழையதுதான், ‘குழந்தைகள் நல மருத்துவர்’ அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே ஊதா மையில், கொஞ்சம் கோணலாக, புதிதாகச் செய்த ரப்பர் ஸ்டாம்பில் பதிவு எண்.